நிலவளவையில் ஆள்கூறுகளின் துல்லியம் - சென்னை நெடுங்கோட்டை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

19ஆம் நூற்றாண்டில் வெளியான இந்தியத் தேசப்படத் தாள்கள் பலவற்றின் ஓரத்திலே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அத்தாளிற் காட்டப்பட்டுள்ள நெடுங்கோடுகள் சென்னை வானாய்வகத்துக்குரிய ஒரு பெறுமானத்தை ஆதாரமாகக் கொண்டவை என்றும், கிறீனிச்சிலிருந்து சரியான நெடுங்கோட்டைப் பெற விரும்புவோர் ஏறத்தாழ இரண்டரைக் கலையைக் கழித்துக்கொள்ளல் வேண்டும் என்றும் அக்குறிப்புக் கூறும். தேசப்படங்களைப் புரட்டும் மாணவர் பெரும்பாலும் கவனியாது விட்டுவிடும் குறிப்பு இது. ஆயினும் அதனுள் ஒரு வினா அடங்கியுள்ளது. தன் படங்கள் பிழையானவை என்பதை அறிந்திருந்த ஓர் அரசு, அப்பிழை இன்ன அளவினது என்பதையும் அறிந்திருந்த ஓர் அரசு, அதனைத் திருத்தாமல் அச்சிட்டுக்கொண்டே இருந்தது ஏன்?

கருவிகளின் குறைபாடு என்று இதற்கு விடை கூறிவிடுதல் எளிது. நிலவளவையின் வரலாற்றை எழுதியோர் பலர் அவ்வாறே கருதினர். சங்கிலி போய்ச் சட்டம் வந்தது, சட்டம் போய்ச் செய்மதி வந்தது, துல்லியம் படிப்படியாகக் கூடிற்று என்பதே அவர்கள் கூறும் கதை. அக்கதை பொய்யன்று. ஆனால் எத்தகைய துல்லியம், எவருடைய தேவைக்காக, எப்பொழுது தேடப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. இக்கட்டுரை அவ்வினாவையே தொடர முற்படுகின்றது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். ஓரிடத்தின் ஆள்கூறு சரியானது என்று நாம் கூறும்பொழுது இரு வேறு பொருள்களிற் கூறுகின்றோம். அயலிலுள்ள மற்றோர் இடத்திலிருந்து அதன் தூரமும் திசையும் சரியாக அமைந்துள்ளன என்பது ஒன்று. இதனைச் சார்புத்துல்லியம் எனலாம். பூமிக்கோளம் முழுவதற்கும் பொதுவான சட்டகத்திலே அவ்விடம் இருக்கவேண்டிய இடத்திற் குறிக்கப்பட்டுள்ளது என்பது மற்றையது. இது தனித்துல்லியம். ஒரு காணியின் வேலிகள் நான்கும் அங்குலம் பிசகாமல் அளக்கப்பட்டிருக்கலாம். அக்காணி முழுவதுமே படத்தில் நான்கு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கலாம். சென்னையில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவேயாகும்.

1799இல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின் தென்னிந்தியாவின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குள் வந்தது. அப்போரிற் பங்குகொண்ட வில்லியம் லாம்ப்டன் என்னும் படையதிகாரி, தீபகற்பத்தைக் குறுக்காகக் கரையிலிருந்து கரைவரை முக்கோணமுறையால் அளக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். முக்கோணமுறையின் அடிப்படை எளியது. ஒரு நேர்கோட்டின் நீளத்தை மட்டும் நிலத்தில் அளந்துகொண்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் மூன்றாவது புள்ளியொன்றை நோக்கிக் கோணங்களை அளந்து மற்றைப் பக்கங்களைக் கணக்கால் அறியலாம். அறிந்த பக்கத்தின் மீது அடுத்த முக்கோணம் எழும்பும். ஆகவே முதற் கோட்டில் நேரும் பிழை முழு நாட்டுக்கும் பரவும். அம்முதற் கோடு 1802ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிற் சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையடியில் அளக்கப்பட்டது. நீளம் ஏழரை மைல். அதற்குப் பயன்பட்ட நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசரிடம் சென்ற பிரித்தானியத் தூதுக்குழுவுடன் போய் அங்கு வேண்டப்படாது திரும்பிய பொருள்களுள் ஒன்று. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்து, முக்காலிகளிலும் மரத்தொட்டிகளிலும் அதனைத் தாங்கி, நானூறு தடவை நீட்டி மடக்கி அளந்தனர். சித்திரை வெயிலில் இவ்வேலைக்குச் சென்ற காலம் ஏறத்தாழ ஆறு வாரம்.

இரண்டு ஆண்டுகளின் பின் பெங்களூருக்கு அண்மையில் மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. முக்கோணங்கள் வழியாகச் சென்னையிலிருந்து கணித்துவந்த நீளத்தையும் நிலத்தில் அளந்த நீளத்தையும் ஒப்பிட்டபொழுது வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவாகவே இருந்தது. அக்காலச் சூழலில் இது வியப்புக்குரிய சாதனை. பழைய தேசப்படங்கள் சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட தீபகற்பத்தின் அகலத்தை நாற்பது மைல் அளவிற் கூட்டிக் காட்டியிருந்தன என்பதும் இவ்வளவையினாலேயே தெரியவந்தது. வானியல் நோக்குகளை மட்டும் நம்பி வரையப்பட்ட படங்களுக்கு முக்கோணமுறை தந்த அடி அது.

இத்திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது பற்றிச் சென்னையிலே பேச்செழுந்த வேளையில் நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் எழுப்பிய எதிர்ப்பு இன்றும் எடுத்துச் சொல்லப்படுகின்றது. சிறீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புபவன் பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் சொன்னாற் போதும், அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான், அதற்கு லாம்ப்டனின் படம் எதற்கு என்பதே அவர் வாதம். இதனை அறியாமை என்று நகைப்போர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வழி தெரிந்தவர்கள் மண்ணின் மக்களே என்பதையும், பயணம் செய்வதற்கு ஆள்கூறுகள் தேவையில்லை என்பதையும் அந்நிதிக்குழுக்காரர் சரியாகவே கண்டிருந்தார். அவர் காணாதது, தூரத்திலிருந்து ஆள்வதற்கும், வரி விதிப்பதற்கும், படை நகர்த்துவதற்கும், பல்லக்குத் தூக்குவோனின் அறிவைச் சாராது இயங்குவதற்கும் ஆள்கூறுகள் தேவை என்பதையே.

தஞ்சைச் சமவெளியில் மலைகள் இல்லை. எனவே அளவையாளர் கோயிற் கோபுரங்களை நாடினர். 1808இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் மீது ஏறத்தாழ அரைத்தொன் எடையுள்ள பெரிய தியோடலைற்றைக் கயிறு கட்டி ஏற்றும்பொழுது அது சுவரில் மோதிச் சிதைந்தது. கோணம் அளக்கும் அதன் வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்ப்டன் ஆறு வாரங்கள் கூடாரத்துள் அடைந்து கிடந்து அவ்வட்டத்தைத் தாமே சிறிது சிறிதாக இழுத்துத் திருத்தினார். இராசராசன் எழுப்பிய விமானத்தை எவருடைய ஒப்புதலுடன் அளவைக் கம்பமாக்கினர் என்ற வினா ஒருபுறமிருக்க, நெளிந்து திருத்தப்பட்ட அவ்வட்டத்தால் அளந்த கோணங்களையும் பழைய சங்கிலியால் அளந்த அடிக்கோடுகளையும் பிற்காலத்தவர் முழுமையாக நம்பவில்லை. 1860களின் பிற்பகுதியிற் பெங்களூரிலும் குமரிமுனையிலும் அடிக்கோடுகள் புதிதாக அளக்கப்பட்டுத் தெற்கின் முக்கோணங்கள் மீண்டும் நோக்கப்பட்டன.

இனி நெடுங்கோட்டுக்கு வருவோம். அகலக்கோட்டை ஒரு விண்மீனின் உயரத்தைக் கொண்டு அறியலாம். நெடுங்கோடு அவ்வாறன்று, அது காலத்தின் வேறுபாடு. பூமி ஒரு விநாடியில் 15 விகலை சுழல்கின்றது. ஆகவே சென்னையில் ஒரு கணம் நிகழும்பொழுது கிறீனிச்சில் என்ன நேரம் என்பதை எவ்வளவு நுட்பமாக அறிகின்றோமோ அவ்வளவு நுட்பமாகவே நெடுங்கோடும் அமையும். 1786இற் பெற்றி என்பவரின் தனியார் முயற்சியாகத் தோன்றிப் பின் கம்பனியின் உடைமையாகி 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்ற வானாய்வகத்திலே இதற்காக வியாழனின் சந்திரர்கள் மறைந்து தோன்றும் கணங்கள் ஆண்டுக்கணக்கிற் குறிக்கப்பட்டன. அம்மறைவு சடுதியாக நிகழ்வதன்று. ஒளி சிறிது சிறிதாக மங்கும். எக்கணத்தில் மறைந்தது என்பது தொலைநோக்கியின் அளவையும் நோக்குபவரின் கண்ணையும் பொறுத்தது. இவ்வாறு பெற்ற பெறுமானங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. முக்கோணவளவை ஏற்றுக்கொண்டது 80 பாகை 17 கலை 21 விகலை என்பதை. பின்னாளிற் சரியென நிறுவப்பட்டதோ 80 பாகை 14 கலை 54 விகலை. வேறுபாடு 2 கலை 27 விகலை. கடிகாரத்தில் இது பத்து விநாடிக்கும் சற்றுக் குறைவு. நிலத்தில் ஏறத்தாழ 4.4 கிலோமீற்றர். அப்பழைய பெறுமானத்தை இன்றைய படமொன்றிற் குறித்தால் நுங்கம்பாக்கத்து வானாய்வகம் மெரீனாக் கடற்கரையின் விளிம்பில் வந்து நிற்கும்.

பெங்களூரில் நான்கு அங்குலத்துக்குட் பொருந்திய அதே வலையமைப்பு முழுவதும், இமயம் வரையில், ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் கிழக்கே தள்ளிக் கிடந்தது. முக்கோணங்கள் எத்தனை இருந்தாலும் இதனை அவை காட்டிக்கொடுக்கமாட்டா. அவை ஒன்றையொன்று மட்டுமே அறியும். வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். அச்சான்றைத் தந்தது தந்தி. 1870இல் செங்கடல் வழியாகப் பம்பாய் வரையில் கடலடித் தந்திக்கம்பி இணைக்கப்பட்டபின் ஒரு நகரத்தின் நேரத்தை மற்றொரு நகரத்துக்கு மின்குறியால் அறிவிக்க முடிந்தது. 1870களிலும் பின்னர் 1890களிலும் இவ்வழியால் நெடுங்கோடு மீண்டும் காணப்பட்டது. பிழை ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. எனினும் அச்சிட்ட படங்களிற் பிழை அப்படியே இருந்தது. ஓரத்துக் குறிப்பு மட்டும் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் புதிய தேசப்படத் தொடர் திட்டமிடப்பட்டபொழுதே திருத்தம் படத்துள் நுழைந்தது.

காரணம் வெளிப்படை. கிராம எல்லையையும் நிலவரியையும் வகுக்கும் அரசுக்குச் சார்புத்துல்லியமே போதுமானது. ஒரு தாலுகா அடுத்த தாலுகாவோடு பொருந்தினால் அதன் காரியம் முடிந்தது. தந்திக்கம்பிகூட நெடுங்கோட்டைத் திருத்துவதற்காகப் போடப்படவில்லை; 1857இன் எழுச்சியை அனுபவித்த பேரரசு தன் செய்திகளை விரைந்து அனுப்பவும் வணிகர் பருத்தி விலையை அறியவும் போடப்பட்டது. அறிவியல் அதன் மீது ஏறிப் பயணம் செய்தது, அவ்வளவே.

நெடுங்கோட்டின் கதை இவ்வாறிருக்க, அகலக்கோட்டின் வழியே வந்த இடர் வேறொரு தன்மையது. 1823இல் லாம்ப்டன் இறந்தபின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவரெஸ்ற், 1830இல் இங்கிலாந்திலிருந்து புதிய கருவிகளுடன் திரும்பினார். சங்கிலிக்குப் பதிலாக, வெப்பத்தால் நீளம் மாறாதவாறு இரு உலோகங்களை இணைத்துச் செய்த சட்டங்கள் வந்தன. பகலின் கானல் பார்வைக்கோட்டை வளைப்பதால் இரவில் விளக்குகளை நோக்கி அளக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் மீண்டும் மீண்டும் அளந்து சராசரி கண்டனர். கங்கைச் சமவெளியிற் பார்வைக்கோட்டுக்காக மரங்களும் வீடுகளும் அகற்றப்பட்டன. இத்தனைக்கும் பின் மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே கலியானாவுக்கும் இடையிலான அகலக்கோட்டு வேறுபாட்டை முக்கோணங்களால் ஒருமுறையும் விண்மீன்களால் ஒருமுறையும் கண்டபொழுது, இரண்டும் 5.236 விகலையால் வேறுபட்டன. நிலத்தில் இது ஏறத்தாழ 160 மீற்றர்.

எவரெஸ்ற் இதனை அளவைப்பிழையாகக் கொண்டு வலையமைப்பினுட் பகிர்ந்துவிட்டார். கல்கத்தாவிற் சமயப் பணியாற்றிய கணிதவியலாளர் பிராற் 1855இல் வேறோர் உண்மையைக் காட்டினார். விண்மீனின் உயரத்தை அளப்பவர் தூக்குக்குண்டு நூலையே செங்குத்தாகக் கொள்கின்றார். இமயத்தின் திணிவு அக்குண்டைத் தன்பால் இழுப்பின் செங்குத்தே சாய்ந்துவிடும். ஆயினும் பிராற்றின் கணக்குப்படி அவ்விழுப்பு 15 விகலைக்கு மேல் இருந்திருக்கவேண்டும். கண்டதோ அதன் மூன்றிலொரு பங்கு. மலை தன் தோற்றத்துக்கேற்ற அளவுக்கு இழுக்கவில்லை. இதற்கு விடையாக ஏரியும் பிராற்றும் தனித்தனியே முன்வைத்த கொள்கைகள், மலைகளின் கீழே இலேசான பாறை ஆழ்ந்துள்ளது அல்லது பரந்துள்ளது என்னும் புவிச்சமநிலைக் கொள்கையாக வளர்ந்தன. பிழையெனப் பகிர்ந்து மறைக்கப்பட்ட ஐந்து விகலைக்குள் பூமியின் உள்ளமைப்பு ஒளிந்திருந்தது.

இத்துல்லியத்துக்கு உழைத்தவர் யார் என்பதையும் இவ்விடத்து நோக்குதல் தகும். கருவி பழுதுபார்க்கும் பணியில் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் சிறந்து விளங்கினார். ஐரோப்பியக் கருவியாளர் விலகியபின் அப்பதவி அவருக்கே வந்தது. 1831இற் கணிப்பாளராகச் சேர்ந்த வங்காளியான இராதாநாத் சிக்தார், நோக்கிய எண்களிலிருந்து பிழையைப் பிரித்தெடுக்கும் கணக்குகளின் தலைவரானார். 1851இல் வெளிவந்த அளவைக் கைந்நூலின் கணிதப் பகுதிகள் அவருடைய உழைப்பு என்று முன்னுரை ஒப்புக்கொண்டது. அவர் இறந்தபின் 1875இல் வந்த பதிப்பில் அவ்வொப்புகை நீக்கப்பட்டது. பத்திரிகைகள் அதனைக் கண்டித்தன. இதே சிக்தார் 1843இல் தேராதூனில், தம் துறைக் கூலியாட்களை நீதவான் ஒருவர் கூலியின்றிச் சுமை தூக்கவைத்ததை எதிர்த்துத் தடுத்தார். அதற்காக அவருக்கு இருநூறு ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. சங்கிலி பிடித்தோர், கொடி காட்டியோர், மலையுச்சியிற் காய்ச்சலால் மாண்டோர் ஆகியோரின் பெயர்கள் ஆள்கூற்று அட்டவணைகளில் இல்லை.

நம் நாட்டிலும் இதே தருக்கம் தொழிற்பட்டது. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டபோதிலும், நாடளாவிய முக்கோணவளவை 1857 அளவிலேயே தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை அறிவோம். உரித்தை நிறுவ இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவையாகக் கொள்ளும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டுக் காணிகள் விற்கப்பட்டன. காணி விற்பனைக்குத் துண்டுக்கான வரைபடம் போதுமானதாயிருந்தது. துண்டுகள் அனைத்தையும் ஒரே சட்டகத்திற் பொருத்தும் தேவை பின்னரே எழுந்தது. நீர்கொழும்புப் பகுதியில் அளந்த அடிக்கோட்டின் முனையான கந்தவல, இலங்கையின் ஆள்கூறுகளுக்கு மூலப்புள்ளியாயிற்று. பூமியின் வடிவமாக எவரெஸ்ற் 1830இற் கணித்த கோளவுருவே கொள்ளப்பட்டது. அவர் கணித்த மத்தியகோட்டு ஆரை இன்று ஏற்கப்படுவதிலும் ஏறத்தாழ 860 மீற்றர் குறைந்தது. இந்தியப் பெருநிலத்துக்கு ஓரளவு பொருந்துவது, முழுப் பூமிக்கும் பொருந்தாதது. இதனாலேயே கந்தவல முறையில் எழுதிய அகலநெடுங்கோடுகளைச் செய்மதி காட்டுபவற்றோடு மாற்றமின்றி ஒப்பிட்டால் இருநூறு மீற்றருக்கு மேல் வேறுபாடு காணப்படும். பழைய ஒரு அங்குலத் தேசப்படத்தையும் கையடக்கக் கருவியையும் ஒருங்கே கொண்டு வயலுக்குச் செல்லும் மாணவர் பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

செய்மதிகளின் வருகை தனித்துல்லியத்தை எளிதாக்கியது. ஆனால் அதுவும் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை தன் செய்மதிக் குறிகளை, படையினரல்லாத பயனாளருக்கு நூறு மீற்றர் அளவுக்குப் பிழைபடுமாறு வேண்டுமென்றே குழப்பி அனுப்பிவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனாதிபதி ஆணையால் அக்குழப்பம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகெங்குமுள்ள சாதாரண கருவிகளின் துல்லியம் பலமடங்கு கூடிற்று. எந்தக் கருவியும் மாறவில்லை. நில அளவையாளர் இதற்கு முன்னரே, அறிந்த புள்ளியொன்றில் ஒரு வாங்கியையும் அறியாப் புள்ளியில் மற்றொன்றையும் நிறுத்தி, இரண்டுக்கும் பொதுவான பிழையை நீக்கிச் சென்ரிமீற்றர் அளவை எட்டியிருந்தனர். அங்கும் வேலை செய்தது சார்புத்துல்லியமே. இலங்கை 1999இல் செய்மதி நோக்குகளின் அடிப்படையிற் புதிய ஆள்கூற்று முறைமையை ஏற்படுத்திற்று. பழைய முறையின் மூலப்பெறுமானமாகிய 200,000 மீற்றருக்குப் பதிலாக 500,000 மீற்றர் வைக்கப்பட்டதால் எண்ணைக் கண்டவுடனேயே இது எம்முறைக்குரியது என அறியலாம்.

நிலமும் நிலையாக இல்லை. இந்தியப் புவித்தட்டின் மீதுள்ள நம் தீவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கின்றது. 1999இற் குறித்த புள்ளிகள் உலகச் சட்டகத்தில் இன்று ஒரு மீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்துவிட்டன. நாடு முழுவதும் சேர்ந்தே நகர்வதால் அயலவரிடையே வழக்கு எழுவதில்லை.

வழக்கு எழும் இடம் வேறு. யாழ்ப்பாணத்து உறுதிகள் காணியை இத்தனை பரப்பு, இத்தனை குழி என்றும், கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே ஒழுங்கை என்றும் வரையறுப்பன. அயலவர் இருக்கும்வரை அது போதிய ஆள்கூறு. பல்லக்குத் தூக்குவோனின் அறிவைப் போன்றது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் இருபது, முப்பது ஆண்டுகளின் பின் தம் நிலத்துக்குத் திரும்பியபொழுது வேலியும் கதியாலும் ஒழுங்கையும் அழிந்துபோயிருந்தன. எல்லை சொல்லக்கூடிய முதியோர் பலர் இறந்துவிட்டனர். கையிலிருந்த பழைய வரைபடத்தில் நீளமும் கோணமும் செவ்வனே இருக்கும்; ஆனால் அது நாட்டின் எந்தப் புள்ளியோடும் கட்டப்பட்டதன்று. சார்புத்துல்லியம் மட்டும் உடைய அப்படத்தை நிலத்தில் இறக்கிவைக்க, இரு பக்கத்தாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அடையாளம் தேவை. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துண்டையும் தேசியச் சட்டகத்தோடு இணைக்கும் வேலை தீவு முழுவதையும் சென்றடையவில்லை. அதுவரை அளவையாளர் முதலிலே தேடுவது தூர்ந்துபோன ஒரு கிணற்றின் கட்டையோ கோயிலொன்றின் அடித்தளத்தையோதான். அதன் மேல் வாங்கியை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருப்பார்.